பன்னிரண்டு தசம் பூச்சியம் எட்டு

1

இந்த மாதத்தோடு நான் லண்டனுக்கு வந்து ஏழு வருடம். இந்த ஏழு வருடத்தில் எங்கள் குடும்பம் சம்பாதித்தது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். மனைவிக்கு மூட்டுவலி, மகளுக்கு ஆங்கிலம், எனக்கு இரண்டு கொம்பியூட்டர்.

ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது. நகரத்தின் நிலத்துக்கடியில் ஓடும் நீர்க்குழாய்களைப் படமாக வரைந்து வைத்திருக்கும் கொம்பனி ஒன்றில் எனக்கு வேலை. மேசைக்குக் கீழே சாம்பல் நிறப் பெட்டி, மேலே இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய திரை. ஒவ்வொரு காலையும் நீ யார் என்று கேட்கும். கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் உள்ளே விடும். நான் வந்திறங்கிய அன்று குடிவரவு அலுவலர் என் தகப்பனாரின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டார். அதனால் அந்த மெசினுக்கு நான் கனகசபை. செத்துப் பதினைந்து வருடமான என் அப்பாதான் தினமும் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறார், நான் அவருக்குத் துணையாகப் போய் வருகிறேன்.

அது கெட்டிக்கார மெசின். ஒரு பட்டினத்தின் முழுக் குழாய்களையும் ஒரே இழுப்பில் திருப்பிக் காட்டும். கேட்டு வாய் மூடுமுன் விடை சொல்லும். ஆனால் அதன் முன்னால் ஒருவர் சிரித்து நான் காணவில்லை.

மற்றது வீட்டில் இருக்கிறது. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சனங்கள் காரின் பின்கதவைத் திறந்து வைத்துப் பழஞ்சாமான் விற்பார்கள். போன கோடையில் அங்கே வாங்கியது. இரண்டு உள்ளங்கை அளவில் கறுப்புப் பெட்டி, அழிறப்பர் மாதிரி மெத்தென்ற விசைகள். திரை இல்லை, வீட்டு டீவியில் கொழுவ வேண்டும். புரோகிராமை கசெற் நாடாவிலிருந்து எடுக்கும். அதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும், அந்த ஐந்து நிமிடமும் கீச்சென்று கத்தும், திரையின் ஓரம் முழுக்க வண்ண வண்ணக் கோடுகள் ஓடும். அலுவலக மெசின் நினைவில் வைத்திருப்பதில் ஒரு குழாயைக்கூட இதற்குள் அடக்க முடியாது. ஆனால் இதைத் தொடக்கினால் என் மகள் சிரிக்கிறாள். நானும் ஒரு காலத்தில் சிரித்தேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள், பெரியது பொல்லாதது, சின்னது அப்பாவி என்று எழுதப்போகிறேன் என நினைக்கலாம். பெரியது இதுவரை ஒருவருக்கும் கெடுதல் செய்ததாக எனக்குத் தெரியாது. இந்தச் சின்னதின் உடன்பிறப்பு ஒன்று எண்பத்து நாலாம் ஆண்டு சித்தங்கேணியில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தது. அதை ஓட்டியவன் நான்.

அந்தப் பெண்ணின் தகப்பனார் அம்பலவாணர் உயிரோடு இருக்கும்வரை இதை எழுதியிருக்க முடியாது. இப்போது அவர் இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். எண்ணை மாற்றவில்லை.

2

அந்த மெசினை ஊருக்குக் கொண்டுவந்தவர் என் மாமா. லண்டனிலிருந்து ஒரு மாத லீவில் வந்தவர், தன் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போனதைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பட்டம் பெற்ற கணித ஆசிரியன். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் சைக்கிளில் நல்லூருக்குப் போய் ரியூசன். மூளைக்காரன் என்று ஊரில் ஒரு பெயர். அந்தப் பெயரில் எனக்கு மிகுந்த விருப்பம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாமா போனபின் இரண்டு மாதம் விளையாடினேன். எதிரே வரும் கப்பல்களைச் சுட்டேன், கிணற்றுக்குள் விழாமல் தாண்டினேன். அம்மாவுக்கு எரிச்சல்.

“உதாலை ஒரு பிரயோசனம் உண்டோ? நாள் முழுக்க ரீவியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு.”

பிரயோசனம் காட்டுகிறேன் என்று தொடங்கியதுதான் பொருத்தம் பார்க்கும் புரோகிராம். தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக நானே வரைந்து ஏற்றினேன். நட்சத்திரத்தை வைத்துப் பார்க்கிற பொருத்தங்கள் இலகுவானவை. தினம், கணம், யோனி, இரச்சு எல்லாம் பஞ்சாங்கத்தின் அட்டவணையைப் பார்த்து எழுதினால் சரி. அவற்றை ஒழுங்காகவே செய்தேன். கடைசியில் நின்றது பாவக் கணக்கு. செவ்வாய், சனி, ராகு முதலியவை பெண்ணின் சாதகத்தில் எவ்வளவு கெடுதல் செய்கின்றன, மாப்பிள்ளையின் சாதகத்தில் எவ்வளவு என்று அளந்து ஒப்பிடுகிற வேலை. எங்கள் பக்கத்தில் அதைத்தான் சனங்கள் முதலில் கேட்பார்கள். அதற்கு மெசினில் இடமும் போதவில்லை, எனக்குப் பொறுமையும் போதவில்லை. ஆடித் திருவிழாவுக்கு முன் ஊருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம்.

அதனால் பாவத்துக்கு மெசினையே ஓர் எண் எடுக்கச் சொன்னேன். எழுந்தமானமாக, பன்னிரண்டுக்கும் எண்பத்திரண்டுக்கும் இடையில் ஏதாவது ஒன்று. அழகுக்கு இரண்டு தசம தானம். முப்பதுக்குக் கீழே வந்தால் திரை சிவப்பாக மாறி ‘செய்யலாகாது’ என்று காட்டும்.

எண்ணை எடுக்க மெசினுக்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை. ஆனால் பட்டென்று சொன்னால் யார் நம்புவார்கள்? ‘கணிக்கப்படுகிறது’ என்று எழுதி, அந்த எழுத்தை நாற்பது செக்கன் மின்னி மின்னி அணையவிட்டேன். பிறந்த இடம், நேரம், நாழிகை எல்லாம் கேட்டு வாங்குவேன். வாங்கியதைப் பிறகு தொட்டும் பார்ப்பதில்லை. நாலு வருடம் கழித்து இங்கே குடிவரவு அலுவலகத்தில் என்னை இருத்தி, பிறந்த இடம், படித்த இடம், பயந்த இடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு மூன்று வருடம் காக்க வைத்தார்கள். அந்த நீண்ட மர வாங்கில் இருந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. தொழில் தெரிந்த ஒருவன் இன்னொருவனின் வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனங்கள் வந்தார்கள். வட்டுக்கோட்டையிலிருந்து, மானிப்பாயிலிருந்து, ஒரு முறை சாவகச்சேரியிலிருந்து வான் பிடித்துக்கொண்டும் வந்தார்கள். நான் காசு வாங்கவில்லை. வாழைக்குலை, முருங்கைக்காய், ‘மாஸ்ரர்’ என்று எழும்பி நிற்கிற மரியாதை. வந்தவர்களின் விபரங்களை அதே நாடாவில் சேமித்தும் வைத்தேன், பெரிய ஆய்வு நடத்துகிறவன் மாதிரி.

3

அம்பலவாணர் எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்த கமக்காரர். புகையிலையும் வெங்காயமும் செய்தார். மனைவி இறந்துவிட்டார். ஒரே பிள்ளை வதனி. என்னிடம் கணிதம் படித்தவள், என் வகுப்பில் எனக்கே பிழை சொல்லக்கூடிய ஒரே ஆள். உயர்தரப் பரீட்சையில் கொஞ்சப் புள்ளியால் பல்கலைக்கழகம் தவறிவிட்டது. அப்போது இருபத்துமூன்று வயது.

அம்பலவாணர் எதையும் முறைப்படி செய்கிற மனிதர். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கீரிமலைக்குப் போய் முழுகி, நகுலேஸ்வரரைக் கும்பிட்டு, ஈரத்தலையோடு, நான் பள்ளிக்கூடம் போகுமுன் நேரே எங்கள் படலைக்கு வருவார். இரண்டு சாதகக் குறிப்பையும் சால்வைக்குள் சுற்றி வைத்திருப்பார். அன்றைக்கு அவர்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும். அதோடு இன்னொன்றும் கேட்பார்.

“தம்பி, நேற்றுப் பாத்த ஆக்களின்ரை ஒண்டும் உதுக்குள்ளை நிக்கக்கூடாது. ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுப் புதுசாத் தொடக்குங்கோ.”

வயரைக் கழற்றிக் கொழுவி, நாடாவைப் புதிதாக ஏற்றுவேன். அவர் கைகட்டி நிற்பார்.

முதல் மாப்பிள்ளை ஓர் ஓவசியர். எங்கள் சாத்திரியார் எழுபது வீதம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். மெசின் நாற்பது செக்கன் மின்னிவிட்டு, பாவப் பொருத்தம் 12.08 என்று சிவப்பில் எழுதியது. அம்பலவாணர் சாத்திரியாரை விட்டார், மெசினைப் பிடித்தார்.

“சாத்திரியார் முகத்தைப் பாத்துச் சொல்லுவார். மெசினுக்கு ஆரின்ரை முகம் தெரியும்?”

இரண்டு மாதம் கழித்து இரண்டாவது மாப்பிள்ளை, ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அதே வெள்ளிக்கிழமை, அதே ஈரத்தலை, அதே 12.08.

மூன்றாவது, நல்லூரில் ஒரு வங்கி எழுதுவினைஞர். திருவிழாவில் வதனியைக் கண்டு அவரே ஆள் விட்டுக் கேட்டது. அவளுக்கும் விருப்பம் என்று என் அம்மா சொன்னார். அந்த முறை வதனியும் கூட வந்தாள். விறாந்தையில் தங்கள் முறைக்காக இன்னும் மூன்று குடும்பங்கள் காத்திருந்தன. நாற்பது செக்கனும் அவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். சிவப்பு வந்தது. 12.08.

“மாஸ்ரர்,” என்றாள். குரல் பதறவில்லை. “மூண்டு பேருக்கும் ஒரே எண் வருது. தசமத்திலையும் மாறேல்லை. மூண்டு பேரும் வேறை வேறை நாளிலை பிறந்தவை. மெசினிலை ஏதோ பிழை இருக்கு, ஒருக்காப் பாருங்கோ.”

விறாந்தையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கம்பசுக்குப் போகக் கணக்குப் போதாமல் போன நீர், இப்ப மெசினுக்குக் கணக்குப் படிப்பிக்க வாறீரோ?”

சனங்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. வதனி தலையைக் குனியவில்லை, என்னையே பார்த்தாள். அம்பலவாணர்தான் முடித்து வைத்தார்.

“பிள்ளை, மெசின் பிழைச்சால் மாறி மாறியெல்லோ பிழைக்கும். மூண்டு தரமும் ஒரே எண் எண்டால் அது உண்மை. பிழை பெடியளிலை இல்லை. உன்ரை சாதகத்திலை.”

பொருந்தாமல்போன சாதகத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் வெளியே கதைப்பதில்லை. பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும் என்று மூடி வைப்பார்கள். அதனால் வேறு வீடுகளிலும் இதே எண் வந்திருந்தால் யாரும் யாரோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அன்று விறாந்தையில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு கிழமைக்குள் சந்தியில் நிற்கிற பெடியள் அவளுக்குப் ‘பன்ரண்டு தசம்’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். அதில் பாதிப் பேர் என் ரியூசன் பிள்ளைகள். அதன்பின் அந்த வீட்டுக்குக் கேட்டு யாரும் வரவில்லை. வங்கிக்காரர் அடுத்த ஆவணியில் வேறிடத்தில் கட்டினார். இப்போது கனடாவில், நாலு பிள்ளைகள், சுகமாக இருக்கிறார்.

எனக்கு அன்று ஒன்றும் தோன்றவில்லை, வேலைப் பரபரப்பில் அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து வருடமாக எனக்கு நானே சொல்லிவந்த கதை இதுதான்.

4

இனி மகள். அபிராமி. பள்ளிக்கூடத்தில் அபி. ஒன்பது வயது. அவளுடைய தமிழ் இப்போது வாடகைக்கு இருக்கிறது, எந்த மாதம் எழும்பிப் போகும் என்று தெரியாது. சாப்பாடு, குளிப்பு, அடி ஆகிய மூன்றுக்கும் தமிழில் பதில் வரும். மற்றவைக்கு அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டதாகப் பாவனை செய்கிறோம்.

பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய மெசினைக் கண்டு அவள் துள்ளினாள். விளையாட எதுவும் இல்லை. அப்போது மனைவி தேவார கசெற் ஒன்றை எடுத்து வந்தாள். ஊரைவிட்டு வரும்போது சுவாமிப் படத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தது. அதன் மறுபக்கத்தில் என் கையெழுத்து: பொருத்தம்.

“அப்பா, இது என்ன கேம்?”

“கலியாணத்துக்குப் பொருத்தம் பாக்கிறது.”

“ஓ, லவ் கேம்.”

அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாத தமிழை நான் வாசித்துச் சொன்னேன். அவளுடைய நட்சத்திரம் அத்தம் என்று கொடுத்தோம். பையனாக வகுப்பில் ஒருவனைப் போட்டாள். அவனுக்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவது? இருபத்தேழில் பிடித்த ஒன்றை அவளே கொடுத்தாள். கணிக்கப்படுகிறது, கணிக்கப்படுகிறது, சிவப்பு. 12.08.

விழுந்து விழுந்து சிரித்தாள். தோற்றுவிட்டால் நிற்பாட்டித் திரும்பத் தொடக்குவதுதான் அவளுக்குத் தெரிந்த விளையாட்டு முறை. வயரைக் கழற்றிக் கொழுவி, ஐந்து நிமிடம் கத்தவிட்டு, இன்னொரு பையனைப் போட்டாள். 12.08. மூன்றாவது பையன். 12.08.

“அப்பா, உங்கட கேம் பிழை. எல்லாருக்கும் சேம் நம்பர் குடுக்குது.”

அந்த மெசின் புதிதாக விழிக்கும்போதெல்லாம் எழுந்தமான எண்களை ஒரே வரிசையில்தான் எடுக்கும். சீட்டுக்கட்டைக் கலைக்காமல் தினமும் மேற்சீட்டை இழுப்பதுபோல. மேற்சீட்டு மிகச் சின்ன எண். மெசினைத் தொடக்கியதும் யார் முதலில் வந்தாலும் அவர்களுக்கு 12.08. கீரிமலையில் முழுகி, முதல் ஆளாக வந்து, புதிதாகத் தொடக்குங்கோ என்று கைகட்டி நின்ற மனிதருக்கு அது வேறு எந்த எண்ணையும் கொடுத்திருக்க முடியாது.

இதையெல்லாம் நான் மகளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, அவள் நாடாவை ஓடவிட்டபடியே இருந்தாள். “இதுக்குப் பிறகு இன்னொண்டு இருக்கு,” என்றாள். திரையில் ‘பொருத்தம் 2’ என்று வந்தது. அதையும் ஏற்றி, நிற்பாட்டித் தொடக்கி, மூன்று பையன்களையும் திரும்பப் போட்டாள். ஐம்பத்தேழு, முப்பத்துமூன்று, எழுபத்தொன்று.

“இது சரி. இதை ஆர் திருத்தினது?”

“நான்தான்.”

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேள்விக்கு விடை கிடைத்த திருப்தியில் அடுத்த பையனைத் தேடப் போனாள்.

ஓம், எனக்குத் தெரியும். வதனி சொன்ன அன்றே, சனங்கள் போனபின், இருந்து பார்த்தேன். பிழையைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சீட்டைக் கலைக்கிற ஒரு வரியைச் சேர்த்தேன், ‘பொருத்தம் 2’ என்று பதிந்தேன். பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லூருக்கு வகுப்புக்குப் போனேன். வதனி வீட்டு வேலியைக் கடந்துதான் போக வேண்டும். அவள் கிணற்றடியில் நின்றாள், என்னைக் கண்டாள். நான் பெல்லை அடித்துக்கொண்டு போய்விட்டேன்.

இறங்கி, பிழையைத் திருத்திவிட்டேன், நாளைக்கு வந்து திரும்பப் பாருங்கோ என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் எப்படிப் பிழைத்தது என்று அவள் கேட்பாள். விடமாட்டாள். கேட்டால், கணக்கே இல்லை, சும்மா ஓர் எண் என்று சொல்லவேண்டி வரும். வாழைக்குலை தந்த அத்தனை பேரும் படலையில் வந்து நிற்பார்கள். மூளைக்காரன் என்ற பெயரா அவளா என்று வந்தபோது நான் பெயரை எடுத்துக்கொண்டேன். நாடாவில் சேமித்த பட்டியலைப் பிறகு பார்த்தேன். 12.08 வாங்கிய பெண்கள் பதினொரு பேர். வதனியின் விலாசம் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

5

அடுத்த கிழமை அலுவலக மெசினில் உண்மையான பாவக் கணக்கை எழுதத் தொடங்கினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், குழாய்ப் படத்தை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு. ஊரில் பொறுமை போதவில்லை என்று விட்டதை எட்டு நாளில் முடித்தேன். இதற்குப் பொறுமை தேவைப்படவில்லை, பயம் போதுமாக இருந்தது.

வதனியினதும் வங்கிக்காரரினதும் விபரங்களைக் கொடுத்தேன். விசையிலிருந்து விரலை எடுக்குமுன் விடை வந்துவிட்டது. 78.40. உத்தமம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு விரைவாக எப்படிக் கணித்திருக்கும் என்று திரும்பவும் போட்டேன். அதே எண். இந்த முறை அதே எண் வந்தது கணக்குச் சரியாக இருந்ததால். எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அம்பலவாணருக்கு இருந்தது. அவருடைய கணக்கின்படியே அவருடைய பெண் அந்த மனிதரைக் கட்டியிருக்க வேண்டும்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். மனைவி மூட்டுக்கு எண்ணெய் பூசியபடி கேட்டாள்.

“இப்ப ஏன் எழுதுறியள்?”

“உண்மையைச் சொல்லவேணும். எனக்கு நித்திரை வருகுதில்லை.”

“உங்களுக்கு நித்திரை வரவேணும் எண்டதுக்காக அவள் ஏன் முழிச்சிருக்கவேணும்?”

அவள் சொன்னது சரி. சரியென்று தெரிந்துகொண்டே எழுதினேன். நாலு பக்கம். எழுந்தமான எண், முதல் சீட்டு, ‘பொருத்தம் 2’, கிணற்றடி, ஒன்றையும் மறைக்கவில்லை. வாசித்துப் பார்த்தபோது நான் எவ்வளவு நேர்மையானவன் என்று எனக்கே நெஞ்சு விம்மியது. கடைசியில், ‘உண்மையான எண் என்ன என்று இப்போது கணித்து வைத்திருக்கிறேன். விரும்பினால் கேட்டு எழுதவும்’ என்று முடித்தேன். அந்த இடத்திலும் எனக்குள் இருந்த மாஸ்ரர் போகவில்லை. பிள்ளை கை உயர்த்திக் கேட்டால்தான் விடை சொல்வார்.

6

பதில் வர மூன்று மாதம் ஆனது. கொப்பித் தாளில், இரண்டு பக்கமும் ஓரம் விடாமல் எழுதியிருந்தாள். அதே தெளிவான எழுத்து. அங்கே ஐந்து வருடமாக மின்சாரம் இல்லை. தாளின் மேல்மூலையில் மண்ணெண்ணெய்க் கறை.

“மாஸ்ரருக்கு, கடிதம் கிடைத்தது. நான் இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஐயா பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கை. காது மட்டும் நன்றாகக் கேட்கும். லண்டன் கடிதம் என்றதும் வாசிக்கச் சொன்னார். நான் முதலில் வாசித்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. உரத்து வாசித்துக்கொண்டு போய் இரண்டாம் பக்கத்தில்தான் எனக்கே விளங்கியது. நிற்பாட்டினேன். அவர் விடவில்லை, முடிவு வரைக்கும் வாசி என்றார்.

அடுத்த நாள், புது மெசினில் எத்தனை வந்தது என்று கேட்டு எழுதச் சொன்னார். அன்றிலிருந்து கஞ்சியும் இறங்குதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். தான்தான் செய்தது என்று நினைக்கிறார்.

மெசினில் பிழை என்று எனக்கு அன்றைக்கே தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். சைக்கிளில் போகும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஆகையால் உங்கள் கடிதத்தில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

உண்மையான எண் எனக்கு வேண்டாம். தயவுசெய்து எழுத வேண்டாம். ஐயாவுக்கு மட்டும் ஓர் எண் அனுப்புங்கள். பெரிய மெசினில் அச்சடித்தது போல இருக்க வேண்டும். குறைத்துப் போடுங்கள். உங்களுக்கு அது பழக்கம்தானே.”

அவளுடைய கடிதத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் எண்ணை யோசித்தேன். இருபத்தைந்து போடலாம், இருபது போடலாம். பிறகு அம்பலவாணரை நினைத்தேன். அவரை நம்ப வைக்கக்கூடிய எண் உலகத்தில் ஒன்றுதான். எட்டு நாள் இருந்து எழுதிய கணக்கை மூடிவிட்டு, வெறும் பக்கத்தில் மூன்று மாப்பிள்ளைகளின் பெயரையும் வரிசையாக அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் நேரே கையாலேயே 12.08 என்று போட்டேன். மேலே கொம்பனியின் பெயர், கீழே திகதியும் நேரமும். லேசர் பிரிண்டர் சத்தமில்லாமல் தாளை நீட்டியது. தொட்டபோது சூடாக இருந்தது.

மேலதிகாரி அந்தப் பக்கத்தால் வந்தவர், “கனகசபை, என்ன கணக்கு அது?” என்று கேட்டார். ஊருக்கு ஒரு கடிதம் என்றேன். என் அப்பாவின் பெயரில் சொன்ன பொய்களில் அதுவும் ஒன்று.

அதன்பின் வதனியிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அரைப் பக்கம்.

“தாள் கிடைத்தது. ஐயா முகத்துக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லி, தானே எண்களைப் பார்த்தார். இந்த மெசினும் அதையே சொல்லுது, மாஸ்ரர் பாவம், வீணாகத் தன்னைக் குற்றம் சொல்லியிருக்கிறார் என்றார். அன்று பின்னேரம் கஞ்சி குடித்தார். பதினேழு நாள் கழித்து, விடியப்புறம், நோவில்லாமல் போனார். முதல்நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தார். உன்ரை சாதகம் அப்பிடி, பிள்ளை, அதுக்கு நான் என்ன செய்ய ஏலும் என்றார். ஓம் ஐயா என்றேன்.

நீங்கள் இதையும் எங்காவது எழுதுவீர்கள். எழுதுங்கள். எனக்கு இனி அதில் நட்டமில்லை. அந்தத் தாளை ஐயாவின் சவப்பெட்டிக்குள் அவருடைய கைமாட்டில் வைத்துத்தான் சுடலைக்கு அனுப்பினேன்.”